தள்ளி வைத்த பல்லவி

அந்தோணிராஜுக்குப் பாட்டு வரும். எப்போது வரும் என்பதுதான் அவனுக்கே தெரியாது. மழை மாதிரி அது, கூப்பிட்டால் வராது என்பான். இப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எழுதாத நாட்களுக்கும் கையில் ஒரு காரணம் இருக்கும்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் அவன் பேட்லாக் தையல் மெஷின் ஓட்டிய பனியன் கம்பெனியில் சின்னவர் பெரியவர் எல்லாரும் அவனைக் கவிஞர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆயுத பூஜைக்கு வாழ்த்துப் பா, முதலாளி வீட்டுக் கல்யாண பேனரில் நாலு வரி, யாராவது தவறிப்போனால் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவன் கைதான். கவிஞரே என்று யாராவது கூப்பிட்டால் மெஷினில் குனிந்திருக்கும் முதுகு தானாக நிமிரும். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே பட்டம் அது. சினிமாவில் ஒரு பாட்டு எழுதிவிட்டால் மெஷினை விட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். நினைப்பதில் அவனுக்குச் சோம்பல் கிடையாது.

அவன் மனைவி விஜயராணி அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, பிசிர் வெட்டி அடுக்குகிற வேலை. ஒரே மகள் கோயம்புத்தூர் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். வீட்டுக்காரம்மா சுப்பாத்தாளின் லைன் வீடுகளில் ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும், அவ்வளவுதான் வீடு.

குன்னத்தூர் தரணி அவனுக்கு எப்படிப் பழக்கம் என்றால், சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இசை சேர்க்கப் போன இடத்தில் பழக்கம். இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல், தோட்டத்து வீட்டில் கடலை மூட்டை போட்டிருந்த ரூமை ஸ்டூடியோவாக்கி வைத்திருந்த பையன். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் கட்டிங் வேஸ்ட் துணியை அடைத்துத் தைத்திருந்தான். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்தான்.

"அண்ணா, மெட்டு ஒண்ணு அனுப்பிச்சிருக்கறனுங்க. யூடியூப்புல விடற பாட்டு. பஸ் ஸ்டாப்புல தெனமும் பாத்துக்கற ஒரு பையனும் பொண்ணுமுங்க. இன்னும் பேசிக்கலை. பல்லவி மட்டும் ஒரு அஞ்சாறு அனுப்புங்கண்ணா."

"அஞ்சாறா? நல்லதா ஒண்ணு இருந்தா போதாதா தம்பி?"

"அது நல்லதான்னு தெரியறதுக்கே அஞ்சு வேணுமுங்களேண்ணா."

காற்று தெருப் புழுதியையும் பஞ்சையும் சேர்த்து வாரி அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அந்தோணிராஜ் அந்த மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அடுப்படியில் விஜயராணி சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"என்னது இது, தன்னானே தானானேன்னு பாடிக்கிட்டே இருக்கான்? வார்த்தை கெடைக்கலியா அவனுக்கு?"

"ஏட்டி, வார்த்தை நான்லா போடணும். இது அளவு. தன்னானேன்னு வாற எடத்துல அதே அளவுல ஒரு சொல்லு விழணும்."

"அப்படியா? எப்படிப் போடுவீய?"

அவனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை. ஈரக் கையோடு அவளை வாசற்படியில் உட்கார வைத்துப் பாடமே எடுத்தான். "இங்க பாரு. 'தா...'ன்னு இழுக்கான்லா? அந்த எடத்துல 'க', 'த'ன்னு குறில வச்சா பாடுதவன் என்னத்த இழுப்பான்? நெடில் வேணும். கா, வா, போ, நீ. பொறவு மூச்சு விடுத எடத்துல ஒரு சொல்ல ரெண்டா ஒடைக்கக் கூடாது. கேக்கவனுக்கு அர்த்தம் புரியாமப் போயிரும்."

"அப்ப அளவெடுத்துத் தைக்கது மாதிரின்னு சொல்லுங்க."

"பாட்டு என்ன பனியனாட்டி?" என்று அவன் சிரித்தான். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பின்னால் அவன் சபிக்காத நாளில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, காலையில் வெங்காயம் அரிந்துகொண்டே அவள் அந்த மெட்டில் பாடினாள்.

"எம்பேரு என்னான்னு கேளேன்
ஒரு பேச்சுக்கு நீயாகக் கேளேன்."

"சும்மா தோணிச்சு. அளவு சரியா இருக்கா?" என்றாள்.

அவனுக்கு அதற்குள் மூன்று பல்லவிதான் வந்திருந்தது. மூன்றிலும் நிலா இருந்தது. எண்ணிக்கைக்கு இருக்கட்டும் என்று அவள் வரியை நாலாவதாகச் சேர்த்து அனுப்பினான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தரணி கூப்பிட்டான்.

"அண்ணா! நாலாவது போதுமுங்க. மத்த மூணும் நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா அந்தப் புள்ள அப்படிப் பேசாதுங்களேண்ணா. நாலாவது அது வாயில இருந்தே வருது."

அந்தோணிராஜ் பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவனுக்கு அந்தப் புத்தி வரவில்லை. சிரித்துக்கொண்டே, "அது எங்க வீட்டுக்காரி சும்மா சொன்னது தம்பி" என்றான்.

"அப்படிங்களா? அக்கா பக்கத்துல இருக்கறாங்களா? போனக் குடுங்கண்ணா."

அவள் போனை வாங்கி முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, அதுல எது சரியில்லன்னு சொல்லுங்க, மாத்தித் தாரேன்." தன் ஆயுளில் அந்தோணிராஜ் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

அதிலிருந்து மெட்டுகள் அவள் போனுக்கு வர ஆரம்பித்தன. மழைக்காகவெல்லாம் அவள் காத்திருக்கவில்லை. காலையில் உப்புத்தண்ணி பிடிக்கும்போது ஒரு தடவை மெட்டைக் கேட்பாள். குடம் நிரம்புவதற்குள் வாய் எதையாவது முணுமுணுக்கும். கம்பெனியில் கை பிசிர் வெட்டும், உதடு தன்னானே போடும். பக்கத்து மேசைச் சின்னத்தாய் முதலில் பயந்துபோய், "என்னக்கா, தனியாப் பேசுற? வீட்டுல எதுவும் பிரச்சனையா?" என்றாள். பிறகு அவளும் பழகி, "அந்தக் கடைசி வரி இன்னும் இடிக்குதுக்கா" என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டாள்.

சொல்லுக்கு விஜயராணி யாரிடமும் கை நீட்டுவாள். வாடகை வாங்க வந்த சுப்பாத்தாளை உட்கார வைத்து, "ஏம்மா, புருஷங்கூடப் பேசாம இருக்கத ஒங்க பக்கத்துல எப்படிச் சொல்லுவீய?" என்று கேட்டாள்.

"அதையென்ன சொல்றது கண்ணு? மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருக்கறாம்போம். எங்கூட்டுக்காரரு அப்படி ஒருக்கா ஒரு மாசம் இருந்தாரு. எருமைகிட்டச் சொல்லுவாரு, சோறு போடச் சொல்லுன்னு."

விஜயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த பாட்டில் எருமை வந்தது. தரணிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு மெட்டுக்குப் பத்துப் பல்லவி சொல்வாள், எட்டைத் தள்ளுவாள். "மொதல்ல வாறது எல்லாருக்கும் வரும். அத வெளிய தள்ளுனாத்தான் உள்ள கெடக்குறது வரும்" என்பாள். தரணி திருத்தம் சொன்னால் முகம் சுருங்காது. "ஆல்ட்டர் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, பனியனைப் பிரித்துத் தைக்கிறவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள்.

"அவன் சொன்னா மாத்திருவியா? என் வரியில ஒரு எழுத்த மாத்தச் சொன்னா நான் விட மாட்டேன்" என்றான் அந்தோணிராஜ் ஒருநாள்.

"அதான் ஒங்க வரி ஒங்ககிட்டயே இருக்கு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றைக்கு வைத்த புளிக்குழம்பில் உப்பு இல்லை என்று அவன் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த வீட்டுக்காரன் மேல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பக்கத்திலேயே படுத்திருப்பவள் மேல் வந்தால் எதைச் சாத்துவது? அவள் மெட்டைக் கேட்க ஆரம்பித்தால் இவன் டிவியைச் சத்தமாக வைத்தான். எம்பேரு என்னான்னு பாட்டு யூடியூப்பில் வந்ததும் ஒவ்வொரு டீ டைமுக்கும் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தான். கீழே ஜனங்கள் எழுதியதையெல்லாம் படித்தான். நூறு பேர் புகழ்ந்திருந்த இடத்தில் ஒருவன் 'பாட்டு சுமார்' என்று எழுதியிருந்தான். அந்தோணிராஜ் அதற்கு ஒரு லைக் போட்டான். அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருந்தது.

கம்பெனியிலும் காற்று திசை மாறியது. அயர்ன் மாஸ்டர் மாரப்பன், "கவிஞரே, அம்மிணி பாட்டு எங்கூட்டுல ஓடாத நாளில்லைங்க" என்றார். கவிஞரே என்றுதான் கூப்பிட்டார். ஆனால் முதுகு நிமிரவில்லை.

புரட்டாசியில் தரணிக்கு ஒரு சின்னப் படம் கிடைத்தது. ஈரோட்டுக்கார டைரக்டர், ஞானசம்பந்தம் என்று பெயர். சண்டை போட்டுப் பிரிந்த புருஷனுக்காக ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள், அவள் பாடுகிற பாட்டு. மெட்டின் முதல் எழுத்தே நீளமாக இழுத்து இறங்கும். அது நன்றாக அமைந்தால் மற்ற மூன்று பாட்டும் அக்காவுக்குத்தான் என்று தரணி சொல்லியிருந்தான். அந்த வாரம் அவள் தரையில் நடக்கவில்லை.

ஒரு காலை அந்தோணிராஜ் கண்ணாடி முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தான். டீ கொதிப்பதைப் பார்த்தபடி அவள் சொன்னாள்.

"கதவத் தட்டத் தேவையில்ல
காத்திருக்கேன் தாழுமில்ல."

அவன் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தான். இத்தனை வருடம் அவன் காத்திருந்த மழை அடுப்படியில் பெய்கிறது. அவளும் அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அதை மெட்டில் வைத்துப் பாடிப் பார்த்தாள். 'க' என்று ஆரம்பித்தால் இழுக்க முடியவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றாள். "ஒக்கார மாட்டேங்குது. இது கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீயை வடிகட்டினாள்.

கெடக்கட்டும் என்ற சொல் அவன் காதில் விழுந்துவிட்டது.

திருப்பூரில் கழித்துப் போட்டதைக் கழித்தார்கள் என்று யாரும் விட்டுவிடுவதில்லை. ரிஜெக்ட் ஆன பனியன் மூட்டையாகக் கைமாறும். கழுத்தில் இருக்கிற கம்பெனி லேபிளை வெட்டிவிடுவார்கள், அதுதான் வழக்கம். வெட்டிவிட்டால் அது செகண்ட்ஸ். காதர்பேட்டைக் கடைகளில் தொங்கும், வாங்கினவன் சொத்து. லேபிள் வெட்டின பனியனிடம் இந்த ஊரில் யாரும் பிறந்த இடம் கேட்பதில்லை. அந்தோணிராஜ் உடம்பில் ஏறின சட்டையெல்லாம் அப்படி வந்ததுதான். அவள் வேண்டாம் என்று போட்ட வரியை எடுத்தால் என்ன தப்பு என்று அவனுக்குத் தோன்றியது. அவளைக் கேட்டே எடுத்திருக்கலாம், கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள். கேட்டு வாங்கினால் அது அவள் கொடுத்தது ஆகிவிடும். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

ஜெபக்குமார் பழைய சர்ச் சிநேகிதன். கீபோர்டு வாசிப்பான், மொபைல் கடை வைத்திருந்தான், சொந்தமாக யூடியூப் சேனலும் உண்டு. வரியைக் கொடுத்தால் அதற்கு மெட்டுப் போடுகிற ரகம். "வரி வச்சிருக்கியா?" என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். அந்தோணிராஜ் பல்லவியைக் கொடுத்தான். சரணத்தைத் தானே எழுதினான். உள்ளூர்ப் பெண் ஒருத்தி பாடி, ஐப்பசியில் பாட்டு வெளியே வந்தது. வரிகள்: கவிஞர் அந்தோணிராஜ்.

ஒரே வாரத்தில் ஊரெல்லாம் அதுதான். கல்லூரிப் பிள்ளைகள், கல்யாண வீட்டுக்காரர்கள், நைட்டியோடு நிற்கிற அம்மாக்கள் எல்லாரும் கதவைத் திறந்து திறந்து ரீல்ஸ் போட்டார்கள். அந்த இரண்டு வரியோடு வெட்டிவிடுவார்கள். சரணம்வரை ஒருத்தரும் போகவில்லை. புகழ் வந்த இடத்திலும் அவனைக் குத்தியது அதுதான்.

விஜயராணி அதை வெளிவந்த மறுநாளே டீ டைமில் கேட்டாள். "ஏ அக்கா, ஒன் வீட்டுக்காரர் பாட்டுக்கா! நீ சொல்லவே இல்ல!" என்று சின்னத்தாய் போனைக் காதருகே கொண்டுவந்தாள். விஜயராணி முழுப் பாட்டையும் கேட்டாள், சரணம் உட்பட. டீயைக் குடித்தாள். மேசைக்குப் போய் மிச்சப் பனியனைப் பார்த்து முடித்தாள். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கேட்டாள்.

"அந்த வரி ஒங்களுக்கு எங்க கெடச்சிச்சு?"

"நீ வேண்டாம்னு போட்டதுதான?"

"போட்டனா? தள்ளி வச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"செக்கிங்ல நிக்கவகிட்ட ஆல்ட்டரும் ரிஜெக்ட்டும் ஒண்ணுன்னு சொல்லுதீய." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு வரியையும் மாத்திப் போட்டேன். 'காத்திருக்கேன் தாழுமில்ல, கதவத் தட்டத் தேவையில்ல'ன்னு. 'கா' வந்து உக்காந்திருச்சு. தரணி தம்பிக்கு அனுப்பி, பாடி முடிச்சாச்சு. டைரக்டருக்கும் புடிச்சுப் போச்சு."

அந்தோணிராஜ் கட்டிலில் உட்கார்ந்தான். "எங்கிட்டச் சொல்லலியே?"

"நான் பேசுனா நீங்க டிவிய வச்சிருதீய."

மறுநாளே தரணி கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் வருகிறார், இரண்டு பேரும் வாருங்கள் என்று மட்டும் சொன்னான். எப்போதும் ஐந்து முறை அக்கா போடுகிறவன், அன்றைக்கு ஒருமுறைகூடப் போடவில்லை.

பெருமாநல்லூர் வழியாகக் குன்னத்தூருக்குப் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் மழை தூறியது. தோட்டத்து வீட்டில் தரணியின் அப்பா வெள்ளியங்கிரி மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சாமி, நனைஞ்சு போட்டீங்களா" என்று துண்டு கொடுத்தார். தரணியின் அம்மா சூடாக அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய் ஊற்றினார். சாப்பிட்டு முடியும்வரை யாரும் விஷயத்தைத் தொடவில்லை. கொங்கு நாட்டில் சண்டை போடுவதானாலும் சோறு போட்ட பிறகுதான்.

ஸ்டூடியோ ரூமுக்குள் ஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். படப் பாட்டின் வரி முன்னாலேயே வெளியே போய்விட்டதற்குக் கோபமாக இருப்பார் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஆச்சரியம். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கவிஞரே. இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே? அம்மிணி பேர்ல நீங்கதான் எழுதறீங்கன்னு."

அந்தோணிராஜுக்கு முதலில் புரியவில்லை.

"எனக்கும் ஒரு யோசனை இருந்துச்சுங்க" என்றார் ஞானசம்பந்தம். "பனியன் செக் பண்ற ஒரு அம்மா இந்த மாதிரி எழுதறாங்களேன்னு. இப்பத்தான் வெளங்குச்சு. அம்மிணிக்கு ஒரு பேரு வரட்டும்னு எழுதிக் குடுத்துருக்கறீங்க. அதே வரிய மறந்தாப்புல அங்கயும் குடுத்துட்டீங்க. பரவாயில்லீங்க. நம்ம படத்துல இருந்து அந்தப் பாட்ட எடுத்துருவோம். மீதி மூணு பாட்டையும் உங்க பேர்லயே எழுதுங்க."

தரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயராணி தரணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

அந்தோணிராஜ் உடனே மறுத்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் மறுக்கவில்லை. படம், மூன்று பாட்டு, திரையில் பெயர், மெஷினை விட்டு எழுந்துவிடுவது எல்லாம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவன் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி அவனைப் பார்ப்பாள், கெஞ்சுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. அவன் என்ன சொல்வான் என்பதில் அவளுக்கு அக்கறையே போய்விட்டது மாதிரி இருந்தது. அவனுக்கு அது தாங்கவில்லை.

"இல்லீங்க" என்றான். "எல்லாம் அவ எழுதுனதுதான். நாந்தான் அவளுக்குத் தெரியாம எடுத்தேன்."

ஞானசம்பந்தம் கதவோரம் வந்து நின்ற தரணியின் அம்மாவைப் பார்த்தார். "பாத்தீங்களாங்க? பழியத் தன் தலைல போட்டுக்கறாரு. பொண்டாட்டிய விட்டுக் குடுக்க மாட்டீங்கறாரு."

"நல்ல மனுசருங்க" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தியமாச் சொல்லுதேங்க!" என்று அந்தோணிராஜ் கத்தினான். அவன் கத்தக் கத்த அவர்களுக்கு அவன்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

விஜயராணி எழுந்தாள். "இவிய சொல்லி நீங்க நம்ப வேண்டாம். தம்பி, அதே மெட்டப் போடுங்க. வேற வரி தாரேன். இப்பவே."

தரணி போட்டான். அவள் இரண்டு தடவை கேட்டாள். "அவ கடைசியாப் புருஷங்கிட்ட என்ன பேசுனா?" என்று ஞானசம்பந்தத்தைக் கேட்டாள். அவர் கதையில் தேடினார். போனால் போ என்று அவன்தான் சொன்னான், அவள் பதில் சொல்லவில்லை என்றார். "பாடுத புள்ளைக்கு மூச்சு எம்புட்டு நிக்கும்?" என்று தரணியைக் கேட்டாள். பிறகு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நடந்தாள்.

வாசலில் நின்றவர்களுக்கு அவள் குரல் கேட்டது. ஒரு வரி சொல்வாள். "இது எல்லாருக்கும் வரும்" என்பாள். இன்னொன்று சொல்வாள். "இது எங்கயோ கேட்டது." இன்னொன்று. "இதுல மூச்சு ஒடையுது." வெள்ளியங்கிரி தீவனக் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே இருந்துச்சு, அத ஏன் கண்ணு வேண்டாம்ங்கறே?" என்றார். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். தூறல் விட்டு, வெயில் வந்து, அது தென்னைக்குப் பின்னால் சாய ஆரம்பித்த நேரத்தில் வந்து மைக் இல்லாமலே பாடினாள்.

"போனாத்தான் என்னான்னு நெனச்சுப் பாத்தேன்
போகத்தான் தெரியாம நின்னு போனேன்."

ஞானசம்பந்தம் மெதுவாக எழுந்து நின்றார். தரணி, "அக்கா, மன்னிச்சுக்குங்க" என்றான். அன்றைக்கு அவன் போட்ட முதல் அக்கா அது.

சுவரோரம் நின்ற அந்தோணிராஜ் என்ன நினைத்தான்? வெட்கப்பட்டானா? பட்டான். அவளை நினைத்துப் பெருமைப்பட்டானா? அதுவும் கொஞ்சம். ஆனால் அந்த வரி காதில் விழுந்ததும் முதலில் வந்த நினைப்பு, இது எனக்கு வரவில்லையே என்பதுதான்.

"அப்ப அந்த இன்னொரு பாட்டு?" என்று ஞானசம்பந்தம் இழுத்தார்.

"ரிஜெக்ட்டுன்னு நெனச்சுட்டேங்க" என்றான் அந்தோணிராஜ்.

தரணி திருப்பூர்ப் பக்கத்துக்காரன். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அத்தனை மரியாதையோடு கேட்டான்: "லேபிள வெட்டிப்போட்டுத்தானுங்களே குடுத்தீங்க, அண்ணா?"

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பெருமாநல்லூர் தாண்டினதும் அவன் சொன்னான்.

"ஜெபக்குமார்ட்டச் சொல்லி பேர மாத்திருதேன்."

"வேண்டாம். இப்ப எம்பேரப் போட்டா புருஷன்கிட்டப் பிடுங்கினாம்பாவ. அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"ராணி..."

"அந்த வரி சொன்னன்னைக்கு சவரத்த நிறுத்திட்டுப் பாத்தீயல்லா?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "நல்லாருக்குட்டின்னு சொல்லப் போறீயன்னு நெனச்சேன். மத்தவிய ஆயிரம் சொல்லட்டும், சொல்லிக்குடுத்தவரு நீங்கதான? டீ கொதிச்சு வழியுத வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க திரும்பிக்கிட்டீய."

நெருப்பெரிச்சல் ஸ்டாப் வந்ததும் இரண்டு பேரும் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் எழுதவில்லை. மெட்டு வந்தால் காதில் மாட்டிக்கொண்டு சுப்பாத்தாள் வீட்டு மாடிக்குப் போய்விடுவாள். அடுப்படியில் வெங்காயம் அரிகிற சத்தம் மட்டும் கேட்டது. டீ கொதித்தது, இறங்கியது. சண்டை எதுவும் இல்லை. குழம்பில் மீன் துண்டு அவனுக்குத்தான் பெரியதாக விழுந்தது. மகள் வந்திருந்தபோது மூன்று பேரும் சிரித்துப் பேசினார்கள். அவன் டிவியை நிறுத்தியே வைத்திருந்தான். நிறுத்தி வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒரு வரியாவது தவறிப்போய் முணுமுணுப்பாளா என்று சட்டை மாட்டிக்கொண்டே நின்று பார்ப்பான். கம்பெனிக்கு நேரமாகிவிடும்.

பங்குனியில் படம் வருவதற்கு முன்னால் பாட்டை விட்டார்கள். வரிகள்: விஜயராணி. மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பிக்காத நேரம். மாரப்பன் அயர்ன் மேசையில் ஸ்பீக்கரை வைத்துச் சத்தமாகப் போட்டார். தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், இந்திக்காரப் பையன்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பல்லவி முடிந்து சரணம் ஆரம்பித்தது. ஒரு வரி ஓடியதும் மாரப்பன் பாட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்தார்.

"அடுத்த வரி என்னன்னு நம்ம கவிஞரு சொல்லட்டுமுங்க. அவீங்க ஊட்டுல பொறந்த பாட்டு, நமக்கு முன்னாடியே மனப்பாடமா இருக்கும். சொல்லுங்க கவிஞரே!"

எல்லாரும் திரும்பினார்கள். செக்கிங் மேசையில் விஜயராணி தலையைத் தூக்கவில்லை. பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"போடுங்கண்ணா" என்றான் அந்தோணிராஜ். "எனக்கும் இப்பத்தான் கேக்குது."